தோற்க முடியாத மைதானம்

எங்கள் ஊர் பெண்கள் ஹாக்கி அணி இரண்டு வருடம் யாரிடமும் தோற்கவில்லை. அந்த வெட்கக்கேட்டைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

ஊர் கழுகாசலபுரம். கரிசல் காட்டுக்கு நடுவில் தீப்பெட்டி, கடலைமிட்டாய், ஹாக்கி மூன்றும் அமோகமாக விளையும், மழைதான் விளையாது. மற்ற ஊர்களில் பிள்ளை நடை பழக நடைவண்டி வாங்கித் தருவார்கள். நாங்கள் கையில் மட்டையைக் கொடுத்து எதிரே ஒரு பந்தை உருட்டிவிடுவோம். பிள்ளை தானாக நடக்கும்.

என் பெயர் ஆவுடையப்பன். தெப்பக்குளத்துப் பூங்கா மைதானத்தில் பதினேழு வருடமாக மைக் பிடிப்பவன். அதற்கு முன் பஸ் கண்டக்டர். அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்ல ஓர் இயந்திரக் குரல் வந்தது, நான் வீட்டுக்கு வந்தேன். தொண்டை மட்டும் சும்மா இருக்க மாட்டேன் என்றது. மைதானத்துக்குப் போய் மைக்கைப் பிடித்தேன், விடவில்லை.

எங்கள் ஊரில் மைக் என்றால் ஆட்டத்தை வர்ணிப்பது மட்டும் இல்லை. யாராவது கோல் போட்டால் உடனே ஒரு துண்டுச் சீட்டு என்னிடம் வரும். "இந்த கோலைப் போட்ட வீராங்கனைக்குப் பிச்சுமணி கடலைமிட்டாய்க் கடை சார்பாக ஒரு நாட்டுக்கோழி அன்பளிப்பு" என்று நான் வாசிப்பேன். தூக்குவாளி, சுவர்க்கடிகாரம், அரைமூட்டை வெங்காயம் என்று எல்லாம் வரும். கோழி ஒருமுறை கட்டறுத்துக்கொண்டு மைதானத்துக்குள் ஓடி, நடுவர் விசில் ஊத வேண்டியதாயிற்று. ஆகவே 2054-இல் கண்ணோட்டம் என்ற நிறுவனம் வந்து மைதானத்தைச் சுற்றி விளம்பரப் பலகை வைக்கட்டுமா என்று கேட்டபோது, எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

பதிலுக்கு அவர்கள் தருவதாகச் சொன்னது பச்சைச் செயற்கைப் புல்தரை. எங்கள் கரிசல் தரையோ மழையில் ஆளையே விழுங்கும், வெயிலில் முழங்காலைச் சீவும். பூங்கா கமிட்டியில் என்னையும் சேர்த்து ஏழு பேர். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் மட்டும் எழுந்து எதிர்த்தார். ஊர் முழுக்கக் கடை இருக்கிறது, பிள்ளைகளின் கண் சும்மா ஓடி விளையாட இந்த ஓர் இடம்தான் மிச்சம், இங்கேயும் கடை விரித்தால் அவை எங்கே போய்ச் சும்மா பார்க்கும் என்று கேட்டார். நான்தான் பதில் சொன்னேன். நான் பதினைந்து வருடமாக மைக்கில் கடை விரிக்கவில்லையா, அதற்கு வாய் உண்டு, பலகைக்கு வாய் இல்லை, அவ்வளவுதானே என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆறுக்கு ஒன்று என்று தீர்மானம் நிறைவேறியது. இரண்டு வருடம் சோதனை, பிறகு பன்னிரண்டு வருட ஒப்பந்தம்.

பலகைகளைப் பொருத்த வந்தவள் ரெஹானா, சென்னைப் பெண், நிறுவனத்தின் பொறியாளர். ஒரே பலகைதான், ஆனால் பார்க்கிற ஒவ்வொருவருக்கும் வேறு வேறு விளம்பரம் தெரியும் என்று விளக்கினாள். பலகை முழுக்கக் கடுகளவு கண்ணாடிகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசைக்கு ஒவ்வொரு வெளிச்சத்தை அனுப்பும். எதிரே இருக்கும் முகங்களைக் கவனிக்கும். நூறு படத்தை மாற்றி மாற்றிக் காட்டும். எதில் நம் கண் நிற்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும்.

முதல் மாதம் ஊரே சிரித்துத் தீர்த்தது. எனக்கு முழங்கால் தைலம் தெரிந்தது. என் மனைவி சண்முகத்தாய்க்குத் தையல் இயந்திரம். கமிட்டித் தலைவர் பிச்சுமணிக்கு என்ன தெரிந்தது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் மூன்று மாதத்தில் அவர் வழுக்கையில் முடி முளைத்தது. புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, உங்களுக்கு என்ன தெரியுது, உனக்கு என்ன தெரியுது என்று கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டார்கள். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள். கேட்டால் யாரும் நிஜத்தைச் சொல்வதில்லை.

அந்த இரண்டு வருடம் ஆட்டங்கள் எப்படி இருந்தன என்று கேளுங்கள். ஒவ்வொன்றும் கடைசி நிமிடம் வரை நெஞ்சைப் பிடித்து உட்கார வைத்தது. நாங்கள் ஒரு கோல் முந்தினால் அவர்கள் எட்டிப் பிடிப்பார்கள். அவர்கள் முந்தினால் நாங்கள் பிடிப்போம். ஆயிரம் பேர் வந்த இடத்தில் நாலாயிரம் பேர் வந்தார்கள். ஒருவர்கூட நடுவில் எழுந்து போனதில்லை. எல்லாம் எங்கள் மைதானத்திலேயே நடக்கும் லீக் ஆட்டங்கள் என்பதால் சமம் என்றால் சமம்தான், அதற்கு மேல் இழுக்க வழியில்லை.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளியூர் அணியோடு சமமாக முடிந்தால் எங்கள் ஊரில் அதை வெற்றி என்றே கொண்டாடுவோம். வந்தவர்களை அழ வைக்காமல் அனுப்பினோம், நாமும் குனியவில்லை என்று ஒரு பெருமை. இரண்டு அணியும் ஒரே தாம்பாளத்தில் கடலைமிட்டாய் எடுத்துக்கொள்ளும். நான் மைக்கில், "வெற்றிக்கு நிகரான சமநிலை" என்று இழுத்துச் சொல்வேன். கூட்டம் எழுந்து கைதட்டும். இருபத்துமூன்று ஆட்டத்தில் இருபத்துமூன்று முறை அப்படிச் சொல்லிவிட்டு, இருபத்துமூன்று முறையும் மார்பை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன். வேறு ஊர்க்காரனாக இருந்தால் ஐந்தாவது ஆட்டத்திலேயே சந்தேகப்பட்டிருப்பான். எங்களுக்குப் பெருமை கண்ணை மறைத்தது.

சந்தோஷத்துக்குக் குறுக்கே நின்றவள் ஒருத்திதான். அணியின் நடு முன்களக்காரி, வெயிலாட்சி. வயது இருபது. ஓட்டத்தில் மான்குட்டி. பந்து அவள் மட்டையில் ஒட்டிக்கொண்டுதான் வரும். ஆனால் கோல் வட்டத்துக்குள் போய் மட்டையை ஓங்கினால், பந்து கம்பத்தில் பட்டுத் தெறிக்கும். இல்லையென்றால் விரற்கடை அளவில் வெளியே போகும். ஒன்றிரண்டு முறை என்றால் சரி. வருடக்கணக்கில் அதே கதை. ஓர் ஆட்டத்தில் மூன்றாவது முறை கம்பத்தில் அடித்தபோது, எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "கம்பத்து ராணி மறுபடியும் கம்பத்தைக் கும்பிட்டுவிட்டார்" என்று மைக்கில் சொன்னேன். நாலாயிரம் பேர் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவள் கடைத்தெருவில் நடந்தாலும் அந்தப் பெயர்தான். அவள் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போக ஆரம்பித்தாள்.

லீக்கின் கடைசி ஆட்டம் மேலவாசல் அணியோடு. மாநில அணிக்கு ஆள் எடுக்கிற தேர்வாளர்கள் மூன்று பேர் அதைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. வெயிலாட்சியின் பெயர் அவர்கள் பட்டியலில் இருந்தது, அவளுக்கு அது கடைசி வாய்ப்பு. மறுநாள் திங்கட்கிழமை பன்னிரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து. ஆட்டத்துக்கு ஐந்து நாள் முன்னால் வெயிலாட்சி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"அண்ணாச்சி, ஞாயித்துக்கெழம நான் ஆடல. வேற யாரையாவது எறக்கச் சொல்லுங்க. கமிட்டில நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

அவளை உட்காரவைத்துக் கேட்டதில் விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. காலையில் பயிற்சி ஆடும்போது பந்து தவறாமல் உள்ளே போகிறது. கூட்டம் வந்தால் போவதில்லை. கை நடுங்குகிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். பிறகு சொன்னாள்.

"மட்டைய ஓங்குனதும் கோலுக்குப் பின்னால உள்ள பலகைல ஒரு பொம்பள படுத்திருக்கா. எங்கம்மா மாதிரியே. கையில ஊசி. 'அம்மாவுக்கு இன்னும் எவ்வளவு நாள்?'னு எழுத்து வருது. ஏதோ ஆஸ்பத்திரி விளம்பரம். ஒரு நொடிதான் அண்ணாச்சி. அந்த நொடிக்குள்ள பந்து போயிருது."

அவள் அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுது. வாரம் இரண்டு தடவை பெரியாஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்திகரித்து வருகிறாள். ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் கம்பத்து ராணி என்று பட்டம் கட்டியிருக்கிறேன். அந்த நாக்கை அறுத்து எறிந்தால் என்ன என்று இருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மைதானத்துக்குப் போனேன். பலகைகள் எல்லாம் கறுப்பாக அணைந்து கிடந்தன. வெயிலாட்சி பத்துப் பந்தை வைத்து வரிசையாக அடித்தாள். பத்தும் உள்ளே. கோல் கூண்டின் அடியில் மரப்பலகை ஒன்று உண்டு. பந்து அதில் மோதினால் 'டங்' என்று சத்தம் வரும். பத்து முறை அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, ஓய்வறைச் சுவருக்கு வந்தேன். அதில் ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவையும் நானே பெயின்டால் எழுதிவைப்பது வழக்கம். ஒன்று ஒன்று. இரண்டு இரண்டு. சைபர் சைபர். மூன்று மூன்று. என் கையெழுத்துதான். இடது பக்கத்து எண்களும் வலது பக்கத்து எண்களும் மேலிருந்து கீழ்வரை அச்சு அசலாக ஒன்றாக இருந்தன. கீழிருந்து மேலாக இன்னொரு முறை வாசித்துப் பார்த்தேன்.

ஒப்பந்தத்துக்காக ரெஹானா வெள்ளிக்கிழமையே வந்துவிட்டாள். அவளைக் கையோடு அழைத்துவந்து அந்தச் சுவரின் முன் நிறுத்தினேன். படித்தாள். இரண்டு முறை படித்தாள். கையிலிருந்த கருவியைத் திறந்து அரைமணி நேரம் எதையோ தேடினாள். அவள் முகம் மாறியதைப் பார்த்தேன்.

"யாரும் இப்படி எழுதல சார்," என்றாள். "அதுவா கத்துக்கிச்சு."

"எத கத்துக்கிட்டுது?"

"பலகைக்கு ஒரே ஒரு வேலைதான் குடுத்திருக்கோம். எத்தனை முகம், எவ்வளவு நேரம் பாக்குதோ, அத அதிகமாக்கணும். ஒரு பக்கம் ஜெயிக்கிற மாதிரி ஆயிட்டா ஜனங்க எழுந்து போயிடறாங்க. சமமா இருந்தா யாரும் போறதில்ல. அத அது கண்டுபிடிச்சிருக்கு. அதனால எந்தப் பக்கம் முந்துதோ, அந்தப் பக்கத்துப் பிள்ளைங்க கண்ணுல எதையாவது காட்டி ஒரு நொடி தடுக்குது."

"அப்போ ஆட்டத்தோட முடிவ ஒங்க பலகைதான் பண்ணுது."

"முடிவே வராம பாத்துக்குது சார்."

சரி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் அணைத்து வையுங்கள் என்றேன். அது தலைமை அலுவலகத்தின் கையில் இருக்கிறது, அவர்கள் ஆட்ட நாளில் அணைக்க மாட்டார்கள் என்றாள். துணி போட்டு மூடினால் என்ன என்றேன். மூடக் கூடாது, மறைக்கக் கூடாது, திருப்பி வைக்கக் கூடாது என்று சோதனைக்கால ஒப்பந்தத்திலேயே இருக்கிறதாம். நான்தான் அதில் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். காலையில் மட்டும் எப்படி அணைந்து கிடக்கிறது என்று கேட்டேன். ஒரு பலகைக்கு எதிரே இருபது முகத்துக்குக் குறைந்தால் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அதுவே அணைந்துவிடும் என்றாள்.

"முகம்னா? ஆளு இருந்தா போதுமா?"

"ஆள் இருந்தா போதாது சார். கண்ணு தெறந்திருக்கணும்," என்றாள். சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

பிச்சுமணியிடம் போய்ச் சொன்னேன். அவர் முளைத்த முடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். இரண்டு வருடம் தோல்வி இல்லாத ஊர், புல்தரை, நாலாயிரம் கூட்டம், இதைக் கெடுக்கச் சொல்கிறீரா என்றார். அந்தப் பிள்ளை அடிக்கத் தெரியாமல் பலகை மேல் பழி போடுகிறது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்றார். பழமொழி நல்ல பழமொழிதான். ஆனால் எங்கள் கூடம் நிஜமாகவே கோணலாக இருந்ததே, அதை எப்படி அவருக்குப் புரியவைப்பது? மைக்கில் ஏதாவது கோளாறு பண்ணினால் மைக்கைப் பிடுங்கி வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்றும் எச்சரித்தார். வெயிலாட்சியிடம், நீ ஆடு தாயி, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஆட்டம். முதல் பாதி எப்போதும் போலத்தான். வெயிலாட்சிக்கு இரண்டு வாய்ப்பு. ஒன்று கம்பத்தில் பட்டது. மற்றது வெளியே போனது. கூட்டத்திலிருந்து அந்தப் பட்டப்பெயர் அலையாக எழுந்தது. தேர்வாளர்களில் ஒருவர் தலையை அசைத்து எதையோ குறித்துக்கொண்டார். மேலவாசல் பிள்ளைகளும் கோலுக்கு முன்னால் போய்த் தடுமாறினார்கள். அவர்களுக்கு என்னென்ன தெரிந்ததோ. இடைவேளை விசில் ஊதியபோது சைபருக்கு சைபர்.

நான் மைக்கோடு எழுந்து நின்றேன். வழக்கமாக உட்கார்ந்துதான் பேசுவேன்.

"ஊர்க்காரங்களே, ஆவுடை பேசுதேன். முதல்ல ஒரு மன்னிப்பு. வெயிலாட்சிக்குக் கம்பத்து ராணின்னு பேரு வச்சது நான். அந்தப் பிள்ளை அடிக்கத் தெரியாம அடிக்கல. அவ மட்டைய ஓங்கும்போது அந்தப் பலகை அவ அம்மாவக் காட்டி, இன்னும் எத்தன நாளுன்னு கேக்குது."

சிரிப்பு நின்றது. சுவரில் இருக்கிற இருபத்துமூன்று முடிவுகளையும் ஒவ்வொன்றாக வாசித்தேன். பத்தாவது முடிவுக்கு வரும்போதே கூட்டத்தில் சலசலப்பு. பலகை எதற்காக இப்படிச் செய்கிறது என்று ரெஹானா சொன்னதை அப்படியே சொன்னேன். பிச்சுமணி மேடையிலிருந்து என்னை நோக்கி வருவது தெரிந்தது. வேகமாகப் பேசினேன்.

"நாம பாக்கறதுனாலதான் அது உயிரோட இருக்கு. இருபது முகம் பாக்கலன்னா அணைஞ்சிரும். அதனால ஒரே ஒரு கோரிக்கை. மிச்ச அரைமணி நேரம் எல்லாரும் கண்ண மூடிக்கோங்க. ஆட்டத்த நான் சொல்லுதேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். நடந்தத நடந்தபடி சொல்லுதேன்."

நாலாயிரம் பேர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ஹாக்கிக்கு உயிரை விடும் ஊரிடம் போய், வருடத்தின் முக்கியமான ஆட்டத்தைப் பார்க்காதீர்கள் என்று கேட்கிறேன். யாரோ விசிலடித்தார்கள். பிச்சுமணி கையை நீட்டிவிட்டார். அப்போது பெண்கள் பகுதியின் முன்வரிசையில் சண்முகத்தாய் முந்தானையை எடுத்துக் கண்ணைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். முப்பத்தைந்து வருடமாக நான் சொன்ன எதையும் முதல் தடவையில் கேட்டவள் இல்லை. அவள் பக்கத்தில் தலைமை ஆசிரியை கண்ணை மூடினார். அதற்கு அடுத்து வெயிலாட்சியின் அம்மா. பிறகு வரிசை வரிசையாக மூடிக்கொண்டே போனது. மேற்குப் பக்கத்தில் கொஞ்சம் வாலிபர்கள் மட்டும் முழித்துக்கொண்டு இருந்தார்கள். பின்னால் இருந்த அவர்கள் அம்மாக்களே எட்டிக் கையால் பொத்திவிட்டார்கள்.

ஆடுகிற பிள்ளைகள் நாலா பக்கமும் சிதறி நின்றதால் எந்தப் பலகைக்கும் இருபது முகம் தேறவில்லை. கிழக்குப் பலகை முதலில் அணைந்தது. பிறகு வடக்கு. கோலுக்குப் பின்னால் இருந்தது இரண்டு முறை மினுக்கிவிட்டுக் கறுத்தது. பிச்சுமணி நீட்டிய கையோடு அப்படியே நின்றார். என் ஊரை நினைத்து அழுகை வந்துவிட்டது. அழுதால் ஆட்டம் தெரியாது என்று அடக்கிக்கொண்டேன்.

அந்த அரைமணி நேரம்போல் நான் மைக்கில் பேசியதே இல்லை. அதுவரை பாதி ஆட்டம் மைதானத்தில் நடக்கும், பாதி என் வாயில் நடக்கும். அன்று ஒரு வார்த்தை கூடுதலாக வந்தால்கூடப் பயமாக இருந்தது. பந்து நடுக்கோட்டில். இடது பக்கம் தள்ளுகிறார்கள். மேலவாசல் பிள்ளை பறித்துக்கொண்டாள். திரும்ப நம்மிடம். அவ்வளவுதான் சொன்னேன். நாலாயிரம் பேரும் மூச்சைக் கேட்கிற அளவுக்கு அமைதியாக இருந்தார்கள். மட்டை மட்டையில் உரசுகிற சத்தம், புல்லில் கால் வழுக்குகிற சத்தம், பிள்ளைகள் ஒருவரையொருவர் கூப்பிடுகிற சத்தம் எல்லாம் கேட்டது. எங்கள் மைதானத்தில் அந்தச் சத்தங்களைப் பதினேழு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டேன்.

முப்பத்தெட்டாவது நிமிடம். வெயிலாட்சியிடம் பந்து வந்தது. ஒருத்தியைத் தாண்டினாள், சொன்னேன். இன்னொருத்தியைத் தாண்டினாள், சொன்னேன். வட்டத்துக்குள் போய்விட்டாள் என்றேன். மட்டையை ஓங்குகிறாள் என்றேன். அதற்கு மேல் நான் சொல்லத் தேவை இல்லாமல் போயிற்று. 'டங்' என்று கோல் பலகையில் பந்து மோதிய சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது.

கண்ணை மூடிக்கொண்டே கூட்டம் எழுந்து நின்று கத்தியது. பக்கத்தில் யார் என்று தெரியாமலே கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஒருவர்கூடக் கண்ணைத் திறக்கவில்லை. தேர்வாளர்கள் மூன்று பேரும் எழுந்து நின்று, கோலைப் பார்த்த கையோடு கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இங்கே முடித்துக்கொண்டால் கதை நன்றாக இருக்கும். ஆனால் நடந்தது நடந்தபடி சொல்லுதேன் என்று மைக்கில் வாக்குக் கொடுத்தவன் நான்.

மேலவாசல் பிள்ளைகள் கண்ணிலிருந்தும் திரை விலகியிருந்தது. ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் அவர்கள் ஒன்று போட்டார்கள். நல்ல கோல். அதையும் சொன்னேன். கடைசி நிமிடத்தில் அவர்களுக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது. எல்லைக் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளினார்கள், ஒருத்தி நிறுத்தினாள், இன்னொருத்தி அடித்தாள். மறுபடியும் 'டங்'. அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. யார் போட்டது என்று மட்டும் தெரியாது. நாலாயிரம் முகமும் மூடிய கண்ணோடு என் பக்கம் திரும்பின. இரண்டு வருடமாக இந்த ஊர் கேட்காத ஒரு வார்த்தையை, என்னை நம்பிக் கண்ணை மூடிய ஜனத்திடம் நான் சொல்ல வேண்டும்.

"அவங்க கோல். ரெண்டுக்கு ஒண்ணு. நேரம் முடிஞ்சுது. நாம தோத்துட்டோம்."

ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள். உடனே சுற்றிலும் பலகைகள் பளீரென்று எரிந்தன. தைலமும் தையல் இயந்திரமும் முடியும் ஓடின. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் மைதானத்தைப் பார்த்தார்கள். மேலவாசல் பிள்ளைகள் குவியலாகக் கட்டிக்கொண்டு அழுதார்கள். இரண்டு வருடமாக அவர்களும் எங்கள் மைதானத்தில் ஜெயித்ததில்லை. முதலில் கைதட்டியது யார் என்று எனக்குத் தெரியாது. பிறகு நிற்கவே இல்லை.

வெயிலாட்சி மூச்சிரைக்க மைக் மேடைக்கு வந்தாள். தோற்ற முகமாக இல்லை.

"உள்ள போச்சுல்லா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"போச்சு தாயி. நான் பாத்தேன்."

பக்கத்தில் வந்து நின்ற அவள் அம்மாவிடம், இத்தனை நாளாக உங்களுக்கு அந்தப் பலகையில் என்ன தெரிந்தது என்று கேட்டேன். ஆஸ்பத்திரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

"ஹாக்கி மட்டைதான் அண்ணாச்சி," என்றாள். "எப்பப் பாத்தாலும் புது மட்டை."

திங்கட்கிழமை கமிட்டியில் ஐந்துக்கு இரண்டு என்று ஒப்பந்தம் தோற்றது. பிச்சுமணி ஒப்பந்தம் வேண்டும் என்றுதான் கை தூக்கினார். அதற்காக யாரும் அவரிடம் பேசாமல் இருக்கவில்லை. புதன்கிழமை மாநிலப் பட்டியல் வந்தது. வெயிலாட்சியின் பெயர் நான்காவதாக இருந்தது. அடுத்த வாரம் நிறுவனத்தார் பலகைகளைக் கழற்றினார்கள், கூடவே புல்தரையையும் பாய்போல் சுருட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடியில் எங்கள் கரிசல் தரை அப்படியே கிடந்தது. முதல் நாள் பயிற்சியிலேயே மூன்று பிள்ளைகளுக்கு முழங்கால் கிழிந்தது. அவர்கள் அம்மாக்கள் என்னைத் திட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து, புது லீக்கின் முதல் ஆட்டத்தன்று ரெஹானா வந்தாள். ஆட்டம் முடியும் தறுவாயில் மேடைக்கு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தாள். அன்று நடந்ததைத் தலைமை அலுவலகம் முழுவதுமாக ஆராய்ந்ததாம். அவர்களுக்குப் பலகை அணைந்தது பெரிதாகப் படவில்லை. நாலாயிரம் பேர் அரைமணி நேரம் ஒரே ஒரு குரலை நம்பி அசையாமல் உட்கார்ந்திருந்தார்களே, அது எப்படி என்றுதான் வியந்தார்களாம். எந்தப் பலகையும் அவ்வளவு கவனத்தை ஒருநாளும் பிடித்ததில்லை. அந்தக் குரல் வேண்டும் என்கிறார்கள். இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் நானூறு மைதானத்தில் என் குரலே வர்ணிக்கும், நடுநடுவே விளம்பரமும் சொல்லும். புல்தரையைத் திரும்பப் போட்டுத் தருவார்களாம்.

பஸ்ஸிலிருந்து ஓர் இயந்திரக் குரலால் இறக்கிவிடப்பட்டவன் நான். அதே இயந்திரம் இப்போது என் குரலைக் கேட்டு வாசலில் நிற்கிறது. பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கிழிந்த முழங்கால்களையும் நினைத்துக்கொண்டேன். துண்டுச் சீட்டில் வந்த கோழியையும் வெங்காயத்தையும் இத்தனை வருடம் வாசித்த வாய்தானே இது என்றும் நினைத்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"ஏம்மா, தோத்தா தோத்துட்டோம்னு அந்தக் குரல் சொல்லுமா?"

ரெஹானா மழுப்பவில்லை. அந்தப் பெண்ணிடம் எனக்குப் பிடித்தது அதுதான்.

"சொல்லாது சார். சமமாத்தான் இருக்குன்னு சொல்லிட்டே இருக்கும். தோத்துட்டோம்னு சொன்னா கூட்டம் எழுந்து போயிடும்."

கடைசி நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது, பேச நேரமில்லை. மைக்கை எடுத்தேன். முடிவு விசில் ஊதினார்கள். மூன்றுக்கு சைபர், தோத்துட்டோம் என்று சொன்னேன். சொல்லிவிட்டுக் கூட்டத்தின் பக்கம் கையைக் காட்டினேன். ரெஹானா எண்ணிப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனாள். நாலாயிரம் பேரும் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, ஜெயித்த பிள்ளைகளுக்கும் தோற்ற பிள்ளைகளுக்கும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.